8,000 கனஅடி தண்ணீர் எங்கே ஒளிந்துகொள்கிறது?

பாலக்கோட்டிலிருந்து ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "போன ஞாயிறு ஒகேனக்கல் போனோம். அன்றைக்குப் பேப்பரில் நீர்வரத்து வினாடிக்கு 8,000 கனஅடி என்று போட்டிருந்தது. நேரில் பார்த்தால் ஓரிடத்தில் தண்ணீர் ஏரி போல நிற்கிறது. இருநூறு அடி தள்ளினால் பாறையைப் பிளப்பது போல் பாய்கிறது. ஒரே ஆறு, ஒரே நாள். எந்த இடத்துத் தண்ணீரை வைத்து 8,000 என்கிறார்கள்? இன்னொன்று. பாயும் இடத்தில் யாரும் இறங்கவில்லை, சரி. நிற்கும் இடத்தில் இறங்கப் போன என் நண்பனைப் பரிசல்காரர் ஒருவர் பெற்ற பிள்ளையைத் திட்டுவது போல் திட்டினார். ஏன்?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் அந்தப் பரிசல்காரருக்குத் தெரியும். அவர் கணக்காகச் சொல்லமாட்டார், அவ்வளவுதான். நான் ஆற்றில் நீரளக்கும் வேலையில் இருபத்தெட்டு ஆண்டு இருந்தவன். கணக்கோடு சொல்லிப் பார்க்கிறேன்.

நின்ற இடத்திலும் அன்றைக்கு 8,000 தான் ஓடியது, பாய்ந்த இடத்திலும் 8,000 தான். கனஅடி என்று பேப்பரில் போடுவது வேகத்தையும் குறிக்காது, ஆழத்தையும் குறிக்காது. ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டினால், அந்தக் கயிற்றை ஒரு வினாடியில் எவ்வளவு தண்ணீர் தாண்டுகிறது என்பதுதான் அது. ஒரு கனஅடி என்பது ஏறக்குறைய 28.3 லிட்டர். 8,000 கனஅடி என்றால் கண் இமைத்துத் திறப்பதற்குள் இரண்டேகால் லட்சம் லிட்டர் கயிற்றைத் தாண்டிவிடுகிறது. அகலம், சராசரி ஆழம், சராசரி வேகம் மூன்றையும் பெருக்கினால் இந்த எண் வரும். நடுவில் கிளை ஆறு எதுவும் சேராமல், கால்வாய் எதுவும் பிரியாமல் இருந்தால், பெருக்கி வரும் எண் மாறாது. மூன்றும் தங்களுக்குள் கொடுத்து வாங்கிக்கொள்ளும்.

ஓர் உதாரணக் கணக்கு. ஆறு 500 அடி அகலத்தில், 16 அடி ஆழத்தில் கிடக்கும் இடத்தில் வேகம் வினாடிக்கு ஓரடிதான். மூன்றையும் பெருக்குங்கள், 8,000. இதுவே பாறைகளுக்கு நடுவில் 80 அடி அகலத்தில், 10 அடி ஆழத்தில் நெருக்கப்படும்போது வேகம் வினாடிக்கு 10 அடி. பெருக்குங்கள், அதே 8,000. முதலாவது உங்கள் கண்ணுக்கு ஏரி. இரண்டாவது பாறையைப் பிளக்கிறது. பரிசல்காரர் திட்டியது அந்த 16 அடிக்காக. அகலமும் பெரிதாக இல்லாமல், வேகமும் இல்லாமல் ஓரிடத்தில் தண்ணீர் அமைதியாகக் கிடந்தால், மிச்சம் இருப்பது ஆழம் ஒன்றுதான். அந்த 8,000 வேறு எங்கே போகும்?

ஆழத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. கலங்கிய தண்ணீரில் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெளிந்த தண்ணீர்தான் மோசக்காரன். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு, தை மாதம், அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் வரிகூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவு. இடுப்பளவு இருக்கும் என்று அளவுக்கோலைக் கையில் பிடித்தபடி இறங்கினேன். நெஞ்சுக்கு மேல் வந்துவிட்டது. கூட வந்த முதியவர் கயிற்றைப் போட்டு இழுத்தார். இழுத்த பிறகுதான் சிரித்தார். நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. அதனால் மேலிருந்து நேராகப் பார்த்தாலும் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்குதான் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். நான்கு அடி என்பது கண்ணுக்கு மூன்றடி. பள்ளிப் பாடத்தில் பென்சிலைத் தம்ளரில் போட்டுப் பார்த்தோமே, அதே சங்கதி. ஆற்றில் பென்சிலுக்குப் பதிலாக ஆள்.

இன்னொரு வம்பு, மேல் தண்ணீர் ஒன்று சொல்லும், கீழ்த் தண்ணீர் வேறு செய்யும். தரையோடு ஒட்டிய தண்ணீர் நகர்வதே இல்லை என்று சொல்லலாம். மேலே வர வர வேகம் கூடுகிறது. கூடுதலான வேகம் பெரும்பாலும் நடு ஆற்றில், மேற்பரப்புக்குச் சற்றே கீழே இருக்கும். கரையோரம் கால் நனைத்துவிட்டு "இழுப்பே இல்லை" என்று சொல்கிறவர் ஆற்றின் மிகச் சோம்பேறியான பகுதியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். பத்தடி உள்ளே போனால் அது வேறு ஆறு. பரிசல் ஓட்டுகிறவர்கள் எதிரே ஏற வேண்டுமென்றால் கரையை உரசிக்கொண்டே வருவதைக் கவனித்திருப்பீர்கள். பெரிய பாறைக்குப் பின்பக்கத்தில் தண்ணீர் சுழன்று கொஞ்ச தூரம் மேல்நோக்கியே போகும். துடுப்புக்கு வேலை கொடுக்காமல் அந்தச் சுழற்சியில் ஏறி, அடுத்த பாறை நிழலுக்குத் தாவுவார்கள். வட்டமான பரிசல் சுற்றுவதைப் பார்த்து நாம் கூச்சலிடுகிறோம். ஓட்டுகிறவர் அந்தச் சுழியைப் படிக்கட்டாக வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒகேனக்கல் பாறையில் அடியும் சமதளம் கிடையாது. பாறைக் குழியில் சிக்கிய கல்லைத் தண்ணீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சுழற்றிச் சுழற்றி, உரல் போலக் குடைந்து வைத்திருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றும்போது போய்ப் பாருங்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு காலை வைத்து, அடுத்த காலை எடுத்து வைத்தால் உரலுக்குள் போகும்.

சரி, யார் அளக்கிறார்கள்? காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவை நிலையம் இருக்கிறது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குச் சாதாரண ஆண்டில் 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) என்று தீர்ப்புச் சொன்னதே, அதைக் கணக்குப் பார்க்கும் இடமும் அதுதான். இரண்டு மாநிலம் மல்லுக்கு நிற்கும் எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கருவியை இறக்குவார்கள். சின்னச் சின்னக் கிண்ணங்கள் ஒரு சக்கரத்தில் வட்டமாகக் கோத்திருக்கும். ஓட்டம் கிண்ணத்தில் அடிக்க அடிக்கச் சக்கரம் சுற்றும். வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போகாமலிருக்கக் கீழே மீன் வடிவத்தில் ஒரு கனத்த குண்டு தொங்கும், தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து, உண்மையான மீன் போலவே. நான் வேலை பார்த்த காலத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து, 'டிக், டிக்' சத்தத்தை எண்ண வேண்டும். ஒரு டிக் என்றால் ஒரு சுற்று. மழை நாளில் படகின் ஆட்டத்துக்கு நடுவே 40 டிக் எண்ணி முடிப்பதற்குள் யாராவது பேச்சுக் கொடுத்தால் கோபம் வராத ஆளை நான் பார்த்ததில்லை. மறுபடியும் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கருவியை எந்த ஆழத்தில் நிறுத்துவது? மேலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறக்கினால், அங்கே கிடைக்கும் வேகம் மேலிருந்து அடிவரையுள்ள சராசரி வேகத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆழமான இடமென்றால் பத்தில் இரண்டிலும் பத்தில் எட்டிலும் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். இப்படித் துண்டு துண்டாக வந்த எண்களைக் கூட்டினால் முழு ஆற்றின் கனஅடி.

இதை மணிக்கு ஒரு முறை செய்ய முடியாது. அதனால் நீர்மட்டம் இவ்வளவு இருந்தபோது இவ்வளவு கனஅடி என்று பல ஆண்டு அளவுகளை வைத்து ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். பிறகு கரையில் நட்ட அளவுகோலில் மட்டத்தைப் பார்த்தால் போதும், வளைகோட்டிலிருந்து கனஅடியைப் படித்துவிடலாம். நீங்கள் படிக்கும் 8,000 பெரும்பாலும் இப்படி வந்ததுதான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெள்ளம் ஏறும்போது 12 அடி மட்டத்தில் ஓடும் தண்ணீர், அதே வெள்ளம் இறங்கும்போது 12 அடி மட்டத்தில் ஓடுவதைவிட அதிகம். ஏறும்போது பின்னாலிருந்து வரும் மேடான தண்ணீர் தள்ளுகிறது, அதாவது நீர்ப்பரப்பின் சரிவு கூடுதல். ஒரே மட்டத்துக்கு இரண்டு எண். ஆற்றுப்படுகையில் மணல் அரித்துப்போனாலும் வளைகோடு பொய்யாகிவிடும். மறுபடி படகை இறக்க வேண்டும். ஆகவே 8,000 என்றால் 8,000 கச்சிதமாக என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மட்டம் கொஞ்சம் ஏறினாலே கனஅடி ஏன் தாவுகிறது என்றும் சிலர் கேட்பார்கள். ஆழம் கூடும்போது தரையின் உராய்வு ஒட்டுமொத்தத் தண்ணீரையும் பிடித்துவைக்க முடியாமல் போகிறது. வேகமும் சேர்ந்தே கூடுகிறது. அகலமான ஆற்றில் ஆழம் இரண்டு மடங்கானால் ஓட்டம் மூன்று மடங்கைத் தாண்டும். சரிவு, கரடுமுரடு, ஆழம் மூன்றையும் வேகத்தோடு முடிச்சுப் போடும் சூத்திரத்தை 1889-இல் முன்வைத்தவர் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங். இன்றைக்கும் வாய்க்கால் வெட்டுவதிலிருந்து வெள்ள வரைபடம் போடுவதுவரை அதுதான் நடக்கிறது. ஓடையில் சீமைக்கருவேலம் மண்டினால் மழைத் தண்ணீர் ஊருக்குள் ஏறுவதற்கும் அதே சூத்திரத்தில் விடை இருக்கிறது. கரடு கூடினால் வேகம் குறையும். கனஅடி குறையாது, மேலிருந்து வருவது வந்துகொண்டேதான் இருக்கும். எனவே ஆழம் கூடி, கரை தாண்டும். முள்ளை வெட்டினால் மட்டம் இறங்கும். இதற்கு ஆய்வுக் குழு தேவையில்லை, அரிவாள் போதும்.

ஒகேனக்கலில் வெள்ளம் வந்தால் நடக்கும் வேடிக்கை இதையெல்லாம் ஒரே காட்சியில் காட்டிவிடும். 2018 ஆகஸ்டிலும், 2024 ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம்வரையும் நீர்வரத்து ஒன்றரை லட்சம் கனஅடியைத் தாண்டியது. "ஐந்தருவி தெரியாதபடி வெள்ளம்" என்று பேப்பரில் எழுதுவார்கள். படிக்கிற வெளியூர்க்காரருக்குக் குழப்பம்: தண்ணீர் கூடினால் அருவி பெரிதாகத்தானே வேண்டும், எப்படிக் காணாமல் போகும்?

அருவிக்கு மேலே காவிரி பரந்து கிடக்கிறது. கீழே பாறை இடுக்கில் ஒடுங்குகிறது. கணக்குக்காக மேலே 1,000 அடி அகலம், 3 அடி ஆழம் என்று வையுங்கள். கீழே 100 அடி அகலம், 15 அடி ஆழம். இரண்டு இடத்திலும் 8,000 கனஅடி. வரத்து ஒன்றரை லட்சமானால், பக்கச் சுவரின் உராய்வை விட்டுவிட்டு மானிங் கணக்குப் போட்டால் இரண்டு இடத்திலும் ஆழம் ஏறக்குறைய ஆறு மடங்காகும். மேலே 3 அடி 17 ஆகிறது, 14 அடி உயர்வு. கீழே 15 அடி 87 ஆகிறது, 72 அடி உயர்வு. அருவி என்பது மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தானே. கீழ்மட்டம் மேல்மட்டத்தைத் துரத்திப் பிடித்துவிடுகிறது. அருவி எங்கும் போகவில்லை, முழுகிவிட்டது. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை, நடப்பது இதுதான்.

ஒகேனக்கல் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை, கிளைக் கதைதான். நம்முடைய பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். புகை அங்கே ஹொகே. புகை கிளம்பும் கல், ஹொகேனகல். நம் தருமபுரி மாவட்டத்தில் ஓடும் கேசர்குளிஹள்ளாவில் உள்ள 'ஹள்ளா' நம் 'பள்ளம்'. கோவைப் பக்கம் ஓடையைப் பள்ளம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். பெயரிலேயே ஓட்டம் இருக்கிறது. அந்தப் புகை, விழும் தண்ணீர் பாறையில் அடித்து நுண்துளியாகச் சிதறுவது. வெள்ளம் முற்றி அருவி முழுகிய நாளில் புகையும் குறைந்துவிடும்.

அருவிக்குக் கீழே நுரைத்து வெளுத்துக் கிடக்கும் தண்ணீரில் நீச்சல் தெரிந்தவனும் மிதக்க மாட்டான். அதில் பாதி காற்று. காற்றுக் குமிழி கலந்த தண்ணீருக்கு எடை குறைவு. உடம்பைத் தாங்கும் சக்தியும் அந்த அளவுக்குக் குறைவு. கை வீசினாலும் பிடிக்கத் தண்ணீர் கிடைக்காது.

இதைவிட எனக்குப் பயம் தருவது நம் ஊர்களில் ஓடைக்கு ஓடை கட்டியிருக்கும் தடுப்பணைகள். ஐந்தடி உயரம்தான், அழகாக, திரை போட்டது போல் தண்ணீர் வழியும். மழைக்காலத்தில் பையன்கள் அதற்குக் கீழே குளிக்கப் போவார்கள். சுவரிலிருந்து விழும் தண்ணீர் நேரே அடிக்குப் பாய்கிறது. பாய்ந்து கொஞ்ச தூரம் போய் மேலே எழும்புகிறது. எழும்பியதில் ஒரு பங்கு மேற்பரப்பில் சுவரை நோக்கித் திரும்புகிறது. உருளை போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு கட்டையோ பிளாஸ்டிக் பாட்டிலோ மாட்டினால் மணிக்கணக்கில் முழுகி எழும்பி, முழுகி எழும்பிச் சுவரோரமே நிற்பதைப் பார்க்கலாம். வெள்ளம் ஓடும்போது ஆளுக்கும் அதே கதி. தடுப்பணைக்குக் கீழே பாட்டில் ஒன்று நகராமல் குதித்துக்கொண்டிருந்தால் அங்கே யாரையும் இறங்க விடாதீர்கள்.

இழுப்பு எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. தொடையளவுத் தண்ணீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் இரண்டு காலிலும் சேர்த்து பத்துப் பன்னிரண்டு கிலோ எடை தள்ளுவது போலிருக்கும், சமாளித்துவிடலாம். வேகம் இரண்டு மீட்டரானால் 45 கிலோ. அதே சமயம் தண்ணீர் உடம்பைத் தூக்குவதால் கால் தரையில் பிடிப்பதும் குறைகிறது. தரைப்பாலத்தில் தண்ணீர் போகும்போது "நேற்று இதே அளவில் தாண்டினேன்" என்பது எடுபடாத பேச்சு. ஆழம் அதேதான், வேகம் அதேதானா? கரையில் நின்றே ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். கல் எழுப்பும் அலைவட்டம் ஓட்டத்துக்கு எதிரே கொஞ்சமாவது ஏறினால் ஒரு மாதிரி. ஏறவே முடியாமல் முழு வட்டமும் கீழே அடித்துக்கொண்டு போனால், ஓரடி ஆழத் தண்ணீர்கூட வினாடிக்கு ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி வேகத்தில் ஓடக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திருப்பிவிடுங்கள். அலை ஏறினாலும் உடனே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆழம் இருக்கிறதே.

காவிரியும் தென்பெண்ணையும் நமக்குப் பக்கத்து பக்கத்து ஆறுகள். குணம் வேறு. காவிரியில் கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறந்தால் ஓரிரு நாளில் இங்கே வரும். சொல்லிவிட்டு வரும் விருந்தாளி. 8,000 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 0.69 டி.எம்.சி. அந்த வரத்தில் 93.47 டி.எம்.சி. கொண்ட மேட்டூர் அணை காலியாக இருந்து நிரம்ப 135 நாள் ஆகும். ஒன்றரை லட்சம் வந்தால் ஒரு வாரம். ஆடிப் பதினெட்டுக்குள் மேட்டூர் நிரம்புமா என்று வீட்டில் பேச்சு வரும்போது இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டுங்கள்.

தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அந்த அணையில் ஷட்டர் திறந்தால் பனிக்கட்டி போல் நுரை கிளம்புவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் விழும்போது காற்றைக் கலந்து கடைவது எல்லா ஆற்றிலும் நடக்கிறது; இங்கே கடைவதற்கு நகரத்தின் சோப்புத் தண்ணீர் கிடைக்கிறது, குமிழி உடையாமல் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே 1957-இல் காமராஜர் திறந்த கிருஷ்ணகிரி அணை, 52 அடி. 2017 நவம்பர் 29 அன்று அதில் ஒரு ஷட்டர் உடைந்தது. ஷட்டர் அடியில் 20 அடி தண்ணீர் அழுத்தினால் வெளியே வரும் நீரின் வேகம் வினாடிக்கு 36 அடி, மணிக்கு 39 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகம். அணைக்குக் கீழே கான்கிரீட் தளமும் பற்களும் கட்டியிருப்பது இந்த வேகத்தைத் தண்ணீருக்குள்ளேயே மோதவிட்டு அடக்கத்தான்.

பெரிய ஆற்றைவிடச் சின்ன ஓடைதான் சொல்லாமல் வரும். ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. நம் பகுதியில் ஆண்டு முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல். 50 செ.மீ. என்றால் ஓர் ஏக்கர் நிலத்தில் 20 லட்சம் லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்தது அத்தனையும் ஒரு நாளில் வடிவதாக வைத்தால் 200 கனஅடி ஓட்டம். 100 சதுர கிலோமீட்டர் சேர்ந்தால் 20,000 கனஅடி. நீங்கள் ஒகேனக்கலில் பார்த்த காவிரியைப் போல இரண்டரை மடங்கு, ஆறே இல்லாத இடத்தில். ஏரி கோடி தாண்டிய தண்ணீர் ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளிக்கொண்டு போன படத்தை எல்லோரும் பார்த்தோம். இரண்டடி ஆழத்திலேயே கார் மிதக்கத் தொடங்கிவிடும். அதன்பிறகு தள்ள அதிக வேகம் வேண்டாம். அன்றைய மழைத் தண்ணீரெல்லாம் பாம்பாற்றிலும் வாணியாற்றிலும் தென்பெண்ணையிலும் சேர்ந்து சாத்தனூர் அணையை நிரப்ப, அங்கிருந்து 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட வேண்டியதாயிற்று.

மழை பெய்த இடத்தில் வெள்ளம் தெரிவதற்கும் கீழ் ஊருக்கு அது போய்ச் சேர்வதற்கும் நேரம் உண்டு. இதில் பலருக்குத் தெரியாத சங்கதி, வெள்ளத்தின் மேடு தண்ணீரைவிட வேகமாக ஓடும். கியூவில் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் அந்தத் தள்ளல் முன்வரிசைக்குப் போய்விடுகிறது, தள்ளியவர் போவதில்லை. அகலமான ஆற்றில் தண்ணீர் வினாடிக்கு 3 அடி நகர்ந்தால் வெள்ள மேடு ஏறக்குறைய 5 அடி நகரும். 100 கிலோமீட்டர் போக 18 மணி நேரம் போல. மேலே திறந்த 'அந்த' தண்ணீர் வருவதற்கு முன்பே நம் ஊரில் மட்டம் ஏறிவிடும். காய்ந்த மணலில் முதல் தண்ணீர் வரும்போது மட்டும் கதை தலைகீழ். மணல் குடித்துக் குடித்து மேட்டைத் தாமதமாக்கும்.

ஓடையில் நிற்கும்போது தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, காய்ந்த இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ கேள்வி கேட்காமல் கரையேறுங்கள். வானம் வெளுத்திருந்தாலும்தான். மலையில் பெய்ததை ஓடை கொண்டுவருகிறது. ஏறும் வெள்ளம்தான் கரையில் காய்ந்து கிடந்த குப்பையைக் கழுவி முன்னே தள்ளிக்கொண்டு வரும்; மேடு அதற்குப் பின்னால் இருக்கிறது.

நீங்களே ஒரு முறை அளந்து பார்க்க ஆசையிருந்தால் காவிரி வேண்டாம். பஞ்சப்பள்ளி அணைக்குக் கீழே சின்னாறு உங்களுக்குப் பக்கம்தானே. மழை இல்லாத நாளில், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஓடும்போது, இருவராகப் போங்கள். நேராக ஓடும் இடமாகப் பார்த்து 30 அடி அளந்து இரண்டு பக்கமும் குச்சி நடுங்கள். குறுக்கே ஐந்து இடத்தில் ஆழம் பாருங்கள்: 0.4, 1.1, 1.6, 1.2, 0.7 அடி என்று வந்தால் சராசரி 1 அடி. ஒரு ஆரஞ்சுப் பழத்தை, தோலோடு, மேல் குச்சிக்குச் சற்று முன்னாலிருந்து விடுங்கள். ஆரஞ்சு முக்கால்வாசி முழுகி மிதக்கும், காற்று அதைத் தள்ளாது. கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சொந்தக்காரர் கூட வந்தால் மாங்காயைப் போட்டுப் பார்க்கலாம் என்பார். வேண்டாம், முற்றிய காய் முழுகிவிடும். மாங்காய் முற்றியதா என்று பார்க்கும் சோதனையே அதுதான்.

பழம் 30 அடியை 20 வினாடியில் கடந்தால் வேகம் வினாடிக்கு 1.5 அடி. இது மேற்பரப்பு வேகம். சராசரி வேண்டுமென்றால் 0.85 ஆல் பெருக்குங்கள், 1.275. ஓடை 20 அடி அகலமென்றால் 20 × 1 × 1.275, அதாவது 25.5 கனஅடி. வினாடிக்கு 720 லிட்டர். முழங்காலைத் தொடாத அந்த ஓடை, 12,000 லிட்டர் லாரி ஒன்றைப் பதினேழு வினாடியில் நிரப்பும். நடுவில், ஓரத்தில், இடையில் என்று ஐந்து முறையாவது பழத்தை விட்டுச் சராசரி எடுங்கள். நடு ஓட்டத்தை மட்டும் வைத்தால் எண் ஊதிப்போகும். அளந்துவிட்டு, நூறடி கீழே இறங்கி, ஓடை ஒடுங்கும் இடமொன்றில் மறுபடி முழுதாக அளந்து பாருங்கள். அகலம் மாறியிருக்கும், ஆழம் மாறியிருக்கும், வேகம் மாறியிருக்கும். இரண்டு இடத்து எண்ணும் பத்துக்கு ஒன்று இரண்டுக்கு மேல் வித்தியாசப்பட்டால் ஆழம் பார்த்த கோலைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எத்தனை இடத்தில் ஊன்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.